தனிக் கல்லறை வேண்டாம் என்ற தந்தை

யுத்தத்தில் மாண்ட மகனின் உடலையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். 1863 ஆகஸ்டில் ஒரு தந்தை அதற்கு நேர்மாறாக ராணுவத் தளபதிக்குக் கடிதம் எழுதினார். மகனின் உடலைத் தோண்டி எடுக்க வேண்டாம், தன் சிப்பாய்களோடு விழுந்த இடத்திலேயே அவன் கிடக்கட்டும் என்பது அதன் சாரம்.

தந்தை பிரான்சிஸ் ஜார்ஜ் ஷா. மகன் ராபர்ட் கூல்ட் ஷா. வயது 25. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் மடிந்தவன்.

தென் மாநிலங்களின் பருத்தித் தோட்ட முதலாளிகள் கறுப்பு மக்களை ஆடுமாடுபோல் விற்றார்கள், வாங்கினார்கள். சுமார் 40 லட்சம் பேர் அந்நாட்டில் அடிமைகளாகக் கிடந்தார்கள். அவர்கள் எடுத்த பஞ்சுதான் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களில் நூலாயிற்று. இந்த அடிமை முறையைக் காப்பாற்றவே தென் மாநிலங்கள் பிரிந்தன. 1861-இல் யுத்தம் மூண்டது.

ஷா குடும்பம் நம் வர்க்கத்தைச் சேர்ந்ததல்ல. பாஸ்டன் நகரத்துப் பெரும் பணக்காரக் குடும்பம். ஆனால் அடிமை முறையைப் பகிரங்கமாக எதிர்த்த குடும்பம். 1863-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கறுப்பர்களைக் கொண்டு 54-ஆவது படையை அமைத்தது. அதற்குத் தலைமை ஏற்கும்படி ஆளுநர் எழுதிய கடிதத்தைத் தந்தையே முகாமுக்கு எடுத்துச் சென்றார். மகன் முதலில் மறுத்தான். தாய் வருந்தினாள். பிறகு மகன் மனம் மாறினான். மே 2-ஆம் தேதி திருமணம். அதே மாதம் 28-ஆம் தேதி படையோடு புறப்பாடு.

களத்துக்குப் போனதும் சர்க்கார் தன் குணத்தைக் காட்டியது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், துணிப்படி வேறு. கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம். அதே துப்பாக்கி, அதே எதிரி, அதே சாவு. கூலி மட்டும் வேறு! ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்றால் என்னவென்று மில்லிலும் வயலிலும் உழைக்கும் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. முழுச் சம்பளம் தராவிட்டால் ஒரு காசும் வேண்டாம் என்றார்கள் அந்தச் சிப்பாய்கள். கர்னல் ஷா அவர்கள் பக்கம் நின்றான்.

ஜூலை 18 மாலை. சார்ல்ஸ்டன் துறைமுகத்தருகே வாக்னர் கோட்டை. சம்பளம் வாங்காத அந்தச் சிப்பாய்கள், சுமார் 600 பேர், மணல் வழியே முன்னணியில் ஓடினார்கள். கோட்டை மதிலில் ஷா விழுந்தான். மாண்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என 270-க்கும் மேற்பட்டோர். அதிகாரியின் உடலைத் திருப்பித் தருவது அன்றைய வழக்கம். எதிரிகள் தரவில்லை. கறுப்பர்களோடு ஒரே குழியில் போட்டால் அவமானம் என்று நினைத்து அப்படியே புதைத்தார்கள். எது அவமானம் என்று அவர்கள் நினைத்தார்களோ, அதையே பெருமை என்றார் தந்தை!

சம்பளப் போராட்டம் நிற்கவில்லை. குறைகிற தொகையைத் தானே தருவதாக மாசசூசெட்ஸ் மாநிலம் சொன்னது. வீட்டில் பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடந்தபோதும் சிப்பாய்கள் அதை வாங்க மறுத்தார்கள். அவர்கள் கேட்டது சமத்துவத்தை, பணத்தை மட்டுமல்ல. அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களைக் கொண்ட 3-ஆவது தென் கரோலினாப் படையில் இதே கோரிக்கைக்காக ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்தான் சார்ஜன்ட் வில்லியம் வாக்கர். கலகம் என்று குற்றம் சாட்டி, 1864 பிப்ரவரி 29-இல் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் எதிரியல்ல, அவனுடைய சொந்த ராணுவமே! நாலு மாதம் ஆகுமுன் அதே சர்க்கார் சம சம்பளச் சட்டம் போட்டது. 54-ஆவது படையினர் ஏறக்குறைய 18 மாதம் கழித்து, 1864 செப்டம்பரில் முழுச் சம்பளம் வாங்கினார்கள்.

ஷா வீட்டின் துயரமும் ஒரு சாவோடு முடியவில்லை. 1864 அக்டோபரில் தங்கை ஜோசபினின் கணவரும் போரில் மாண்டார். அப்போது அவள் நிறைகர்ப்பிணி, வயது 20. பிற்காலத்தில், கடைகளில் உழைத்த பெண்களின் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் பாடுபட்டவர் அவரே.

பாஸ்டனில் ஷாவுக்குச் சின்னம் எழுப்ப முனைந்தபோது, சிற்பி அவனைத் தனியே குதிரைமேல் வைக்க எண்ணினார். குடும்பம் ஒப்பவில்லை. அதனால்தான் 1897-இல் திறந்த சிற்பத்தில் குதிரையோடு கறுப்புச் சிப்பாய்களும் நடக்கிறார்கள். ஆனால் அதில் பொறித்தது மாண்ட வெள்ளை அதிகாரிகளின் பெயர்களை மட்டுமே. சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் ஏறியது 1980-களில்தான்! ஏறக்குறைய 85 ஆண்டுகள் அவர்கள் பெயரில்லாமல் நடந்தார்கள்.

ஆளும் வர்க்கம் அப்படித்தான் செய்யும். நாம்? நமது கூட்டங்களில் தலைவர்கள் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, தடியடி பட்டவர்களையும் சிறை சென்றவர்களையும் "மற்றும் பலர்" என்று முடிப்பதில்லையா? அந்தப் பலருக்கும் பெயர் உண்டு, தாய் உண்டு, வீடு உண்டு. தியாகிகளுக்குக் கல் நடும்போது ஒவ்வொரு பெயரையும் விசாரித்து எழுதுவோம். மகனை அவன் தோழர்களிடமிருந்து பிரிக்க மறுத்த அந்தத் தாய் தந்தையரிடமிருந்து நாம் கற்க வேண்டியது இதுவே.