ஏருக்கும் வண்டிக்கும் ஒரே மாடு!
மடிக்கணினி வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

"அப்பா! எனக்கு ஒரு லேப்டாப் வேண்டும்."

"எதற்குடா?"

"படிப்புக்கு!"

திருத்தங்கலில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. தீபாவளி போனஸ் கைக்கு வரும் சமயத்தில் கொஞ்சம் பலமாகவே நடக்கிறது.

பையன் சொன்னது பொய் அல்ல. ஆனால் பாதி உண்மை! படிப்புக்கும் வேண்டும். அச்சகத்துக்கு டிசைன் செய்து நாலு காசு பார்க்கவும் வேண்டும். இரவில் விளையாடவும் வேண்டும். இந்த மூன்றாவதை மட்டும் அவன் விழுங்கிவிடுகிறான்.

பணம் பாழாவது அங்கேதான்.

"படிப்புக்குத்தானே!" என்று தகப்பனார் விலை குறைந்த பெட்டியை வாங்கித் தருகிறார். அதில் பாடம் படிக்கலாம், கணக்குப் போடலாம். பெரிய விளையாட்டைப் போட்டால் நொண்டி அடிக்கிறது. ஆறு மாதத்தில், "இது சரியில்லை, வேறு வேண்டும்" என்கிறான் பையன். செலவு இரட்டிப்பு. வீட்டில் மனஸ்தாபம்.

விளையாட்டு ஆசை குற்றம் அல்ல. அதை மறைப்பதுதான் நஷ்டம். "வேலைக்கும் வேண்டும், விளையாட்டுக்கும் வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், ஒரே செலவில் காரியம் முடியும். ஏருக்கும் வண்டிக்கும் ஒரே மாட்டை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை!

படிப்பு மட்டும் என்றால்?

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. பல வீடுகளுக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. அது படிப்புக்காக வந்த கருவி. விளையாட்டுக்காக அல்ல. படிப்பு மட்டுமே நோக்கம் என்றால் இன்றும் சாதாரணப் பெட்டி போதும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒரே லேபிள், வேறு மருந்து!

விளையாட்டுக்கு முக்கியமானது கிராபிக்ஸ் கார்டு. திரையில் ஓடும் படத்தை நொடிக்கு நொடி வரைந்து தருவது அதுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "ஆர்.டி.எக்ஸ். 4050" என்று இரண்டு மடிக்கணினிகளில் ஒரே பெயர் இருக்கும். ஆனால் ஒன்றில் அந்தக் கார்டுக்கு 50 வாட் மின்சாரம்தான் கொடுத்திருப்பார்கள். இன்னொன்றில் 100 வாட் கொடுத்திருப்பார்கள். அந்தக் கார்டு 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம். வாட் குறைந்தால் வேகமும் குறையும்.

ஒரே லேபிள் ஒட்டிய இரண்டு பெட்டி. உள்ளே மருந்தின் அளவு வேறு! பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா, என்ன? "எத்தனை வாட், அண்ணாச்சி?" என்று கடையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கம்பெனியின் விவரத்தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

திரை பொய் சொன்னால்…

டிசைன் வேலைக்கு முக்கியமானது திரை. சிவகாசி வட்டாரத்துக்கு இது உயிர்நாடி. ஆடிப் பெருக்கில் புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும் ஊர் அது. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், நோட்டு அட்டை எல்லாம் வர்ணத்தை நம்பிய தொழில்.

விலையைக் குறைக்க விளையாட்டுப் பெட்டிகளில் பல சமயம் திரையில்தான் கை வைக்கிறார்கள். "144 ஹெர்ட்ஸ்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது படம் எத்தனை வேகமாக மாறும் என்ற கணக்கு. வர்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வர்ணத்துக்கு வேறு கணக்கு. "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று இருந்தால் வர்ணம் வெளிறித் தெரியும். "100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி." என்று இருந்தால் நல்லது. வெளிறிய திரையைப் பார்த்து டிசைன் செய்கிற பையன், சிவப்பு போதவில்லை என்று கூட்டிவிடுவான். அச்சில் அது ரத்தச் சிவப்பாக வந்து நிற்கும்! காகிதமும் போச்சு, பேரும் போச்சு. நல்ல திரையாக இருந்தாலும் புரூப் எடுத்துப் பார்ப்பதே முறை.

மேஜையும் பீரோவும்

ரேம் என்பது மேஜை போன்றது. மேஜை பெரிதானால் பல வேலைகளை ஒரே சமயத்தில் விரித்து வைக்கலாம். ஃபோட்டோஷாப்பையும் கோரல்டிராவையும் சேர்த்துத் திறப்பவர்களுக்கு 8 ஜி.பி. போதாது. 16 ஜி.பி. வேண்டும். பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எஸ்.எஸ்.டி. என்பது பீரோ. 512 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. ஒரே ஒரு பெரிய விளையாட்டே 100 ஜி.பி.யை அடைத்துக்கொள்வது உண்டு.

மூளையாகிய பிராசஸருக்கு இன்டெல் கோர் ஐ5 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 5 வகையில் சமீபத்தியது போதும். அதற்கு மேல் போடும் பணத்தைத் திரைக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போடுவதே லாபம்.

விருதுநகர் வெயிலையும் மறக்கக் கூடாது. யந்திரம் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுப் போகும் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். மெத்தையில் வைத்து விளையாடினால் துளை அடைபடும். மேஜைதான் அதற்கு இடம். பெரிய விளையாட்டை பாட்டரியில் விளையாடினால் வேகமும் குறையும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

வெளியே தூக்கிச் செல்லத் தேவையில்லையா? அப்படியானால் மேஜைக் கணினியே மேல். அதே பணத்துக்கு அதிக பலம் கிடைக்கும். பழுது பார்ப்பதும் சுலபம்.

தவணை குறையாது!

"வட்டி இல்லாத் தவணை" என்ற அட்டை கடை வாசலில் தொங்கும். 72,000 ரூபாய் பெட்டிக்கு 12 மாதத் தவணை என்றால் மாதம் 6,000 ரூபாய். மழைக்காலத்தில் பட்டாசு ஆலையில் வேலை குறையும். தவணை குறையாது! ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி, தவணைக்கு வேறு கட்டணம் உண்டா என்று இரண்டையும் கேட்டுக் கணக்குப் பாருங்கள். போன வருஷத்து மாடலில் அதே கார்டு குறைந்த விலைக்குக் கிடைத்தால் வெட்கப்படாமல் வாங்கலாம்.

மடிக்கணினிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சொந்த அச்சகம் வைத்து வரி கட்டுகிறவர்கள், தொழிலுக்காக வாங்கினால் தொழில் பெயரிலேயே பில் போடச் சொல்ல வேண்டும். கட்டிய வரியை வரவில் வைத்துக்கொள்ள வழி உண்டு.

கொம்பு வர்ணம்

மாட்டுச் சந்தையில் கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்த்து யாரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பார்ப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். மடிக்கணினியின் விசைகளுக்கு அடியில் மின்னும் ஏழு வர்ண விளக்கும் கொம்பு வர்ணந்தான்!

தகப்பனாரும் பையனும் சேர்ந்தே கடைக்குப் போக வேண்டும். போவதற்கு முன் வீட்டில் ஒரு காகிதத்தில், அதில் செய்யப்போகும் காரியங்களை எல்லாம் எழுத வேண்டும். விளையாட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். எந்த நேரத்தில் விளையாட்டு, எந்த நேரத்தில் வேலை என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அது. அதற்குப் பையன் செய்யும் முதல் மரியாதை, உண்மையைச் சொல்வது. அந்த உண்மைக்குத் தகப்பனார் செய்யும் மரியாதை, கோபப்படாமல் கேட்பது.