மினிவான் யாருடைய பெயரில்?



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நமது வாலிபர் கூட்டங்களில் ஒரே கதைதான். யார் கூடாரம் கொண்டுவருவது, யார் கோழிக்குத் தூள் பிரட்டி வைப்பது, எந்த வெள்ளிக்கிழமை புறப்படுவது? ஸ்காபரோவிலிருந்து அல்கொன்குயின் பூங்காவின் மேற்கு வாசலுக்கு, வீதி வெறுமையாக இருந்தால், சுமார் மூன்று மணித்தியால ஓட்டம். வெள்ளி மாலையில் 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் அந்தக் கணக்கு பிழைத்துவிடும். ஒரு வீட்டுக் காரில் எல்லோரும் அடங்குவதில்லை. ஆகவே மினிவான் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். இந்த மாதம் அந்த வானைப் பற்றிச் சிந்திப்போம்.

2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தில் வாலிபர் சிலர் சேர்ந்து யோர்தான் கரைக்கு மரம் வெட்டப் போகிறார்கள். ஒருவன் வெட்டும்போது கோடரி கழன்று ஆற்றில் விழுகிறது. அவன் பதறி எலிசாவிடம் சொல்வது, அது தன்னுடையது அல்ல, இரவல் வாங்கியது என்பதைத்தான். எலிசா இரும்பை மிதக்கப் பண்ணிய அற்புதத்தை நாம் சண்டே ஸ்கூலிலேயே படித்துவிட்டோம். அதற்கு முன் வந்த அந்தப் பதற்றத்தைக் கவனித்தோமா? வேலை நல்ல வேலை, கூட வந்தவர்கள் நல்லவர்கள், அவன் வேண்டுமென்று தொலைக்கவும் இல்லை. ஆனாலும் மற்றவருடைய பொருளுக்குத் தான் பொறுப்பு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வாடகை வானும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட சாரதிகள் மட்டுமே அதை ஓட்டலாம். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பல நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் கேட்கும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பல இடங்களில் வாகனமே கொடுக்க மாட்டார்கள். எனவே குழுவில் மூத்த அண்ணா ஒருவர் தன் பெயரைக் கொடுத்துக் கையெழுத்து வைப்பார். இரண்டாவது சாரதியைச் சேர்க்கவும் சில வேளைகளில் காசு கேட்பார்கள். "எதுக்கு வீண் செலவு? தேவைப்பட்டால் மாறி ஓட்டுவம்" என்று யாரோ சொல்வார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. பெயர் எழுதப்படாத ஒருவர் ஓட்டும்போது விபத்து நடந்தால், அந்த அண்ணா எடுத்த பாதுகாப்பு செல்லாமற் போகலாம், கடனட்டை தரும் பாதுகாப்பும் கைவிடலாம். வானின் முழுச் சேதமும் கையெழுத்து வைத்தவர் தலையில் விழும். பெற்றோலுக்கு ஆளுக்கு ஆள் பங்கு போடுகிற நாம், இரண்டாவது சாரதியின் கட்டணத்தையும் பங்கு போடலாமே. அது வீண் செலவு அல்ல. நமக்காகப் பெயர் கொடுத்த சகோதரனுக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

அடுத்தது ஆட்களும் சாமான்களும். ஏழு பேர் அமரும் வானில் ஏழு பேரையும் ஏற்றினால், பின் இருக்கைக்குப் பின்னால் மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். கூடாரம், படுக்கைப் பைகள், ஐஸ் பெட்டி, சோற்றுப் பானை எல்லாம் கூரை வரை ஏறும். பின் கண்ணாடி மறையும். சடுதியாக பிரேக் போட்டால் மேலே அடுக்கிய பெட்டி முன்னால் இருப்பவர் தலையில் வந்து விழும். பல மினிவான்களில் கடைசி இருக்கையின் ஒரு பகுதியை மட்டும் மடிக்கலாம். ஐந்து அல்லது ஆறு பேர் ஏறி, மடித்த பக்கத்தில் பாரமானவற்றைக் கீழே வைப்பதே நல்லது. சீற் பெல்ட் இல்லாத இடத்தில் ஒருவரும் இருக்க வேண்டாம். பாரம் ஏற்றிய வான் உங்கள் அம்மாவின் சிறிய காரைப் போல நிற்காது. மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீற்றர் கடக்கிறது. முன் வாகனத்துக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

பூங்காவுக்குள் 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. அங்கே வேக எல்லை 80. இருபுறமும் காடு. மூஸ் என்னும் பெரிய காட்டுமான் அந்த வீதியைக் கடக்கும். பனிக்காலத்தில் வீதிக்குப் போட்ட உப்பு ஓரக் குழிகளில் தேங்கி நிற்பதால், வசந்த காலத்தில் அதை நக்க வீதியோரத்துக்கே வரும். வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவைத் தாண்டக்கூடும். கால்கள் நீளம் என்பதால், மோதினால் அதன் உடல் முன் கண்ணாடி மீதே வந்து விழும். கரிய நிறம் இருட்டில் கண்ணுக்குப் படாது. அந்தி நேரத்திலும் இரவிலும் அங்கே அவசரமாக ஓட்டுவது வீரம் அல்ல.

இனி, திரும்பி வரும் இரவை நினைத்துப் பாருங்கள். சனி முழுவதும் தோணி வலித்து, நீந்தி, அடுப்பு மூட்டிக் களைத்தபின், "இரவே வெளிக்கிட்டால் காலை ஆராதனைக்கு நிற்கலாம்" என்கிறார் ஒருவர். ஓட்ட வேண்டிய அண்ணாவுக்குக் கண் சொருகுகிறது. "நான் ஓட்டுறன்" என்கிறான் 19 வயதுத் தம்பி. அவனிடம் இருப்பது ஜி2. ஒப்பந்தத்தில் அவன் பெயர் இல்லை. சட்டமும் இடம் தராது. 19 வயது வரையுள்ள ஜி2 சாரதி நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை, முதல் 6 மாதங்களில் தன் வயதொத்த ஒருவரையும், அதன்பின் மூவரையுமே ஏற்றலாம். அனுபவமுள்ள முழு ஜி சாரதி பக்கத்தில் இருந்தால் மட்டும், அல்லது ஏறுபவர்கள் குடும்பத்தவர் என்றால் மட்டும் விலக்கு உண்டு. வானில் உள்ள எல்லோருக்கும் இது சரியில்லை என்று தெரியும். ஆனால் தம்பியின் மனம் நோகும் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஆதியாகமம் 33இல் யாக்கோபு வாய் திறந்தான். பல வருடம் பிரிந்திருந்த அண்ணன் ஏசா, சேர்ந்து போவோம் என்று அன்பாக அழைக்கிறான். பக்கத்தில் நானூறு பேர். மறுத்தால் பழைய பகை மூளுமோ என்ற பயம் யாருக்கும் வரும். ஆனாலும் யாக்கோபு பணிவாகச் சொல்கிறான்: பிள்ளைகள் இளசுகள், கறவை ஆடுமாடுகள் உண்டு, ஒரு நாள் துரிதமாக ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நீர் முன்னே போம். பெலவீனமானவர்களின் நடைக்கு அவன் தன் பயணத்தைக் குறைத்துக்கொண்டான். ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். "எனக்கு நித்திரை வருது, விடிந்தபின் போவம்" என்று சொல்பவர் மகிழ்ச்சியைக் கெடுப்பவர் அல்ல. அவர்தான் அந்த வானின் மேய்ப்பர்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு ஆராதனைக்குக் கட்டாயம் நிற்க வேண்டும் என்ற நம் கண்டிப்பே சில பிள்ளைகளை இரவில் ஓட வைக்கிறது. ஆராதனை முக்கியம்தான். ஆனால் களைத்த கண்ணோடு ஓட்டி வந்து பின் வாங்கில் தூங்குவதைக் கர்த்தர் கேட்கவில்லை. ஞாயிறு காலை கூடாரத்தின் முன் வேதத்தைத் திறந்து, ஒன்றாக ஜெபித்துவிட்டு, மத்தியானம் ஆறுதலாக வரட்டும். "எத்தனை மணிக்கு வந்தாலும் பரவாயில்லை, அம்மா முழித்திருப்பன்" என்று புறப்படும் முன்பே சொல்லுங்கள். "எங்கே நிற்கிறியள்?" என்று கேட்க வேண்டுமானால், ஓட்டுகிற பிள்ளைக்கு எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருக்கு எடுங்கள்.

புறப்படும் முன் குழுவாக இருந்து இவற்றைக் கதையுங்கள்:

1. எங்கள் வானை ஓட்டப்போகும் இருவர் யார்? இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் உண்டா?

2. சாரதிக்குப் பக்கத்தில் தூங்காமல் இருந்து வழி பார்த்து, தொலைபேசிக்குப் பதில் சொல்பவர் யார்?

3. ஒருவர் "வேண்டாம், நிறுத்துங்கோ" என்றால், கேலி செய்யாமல் நிறுத்துவோம் என்று எல்லோரும் சம்மதிக்கிறோமா?

பிறகு கைகோர்த்து ஜெபித்துவிட்டுச் சாவியை எடுங்கள். போகும் இடமும் வரும் வழியும் கர்த்தர் உங்களோடிருப்பாராக.