எல்லாமே 'ஸ்டார்ட்' தானா?

ஆங்கிலப் பரீட்சைக்கு முதல் நாள் காந்திகிராமம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள், வாயில் முணுமுணுப்பு. "செட் அப், செட் ஆஃப், செட் இன், டேக் அப், கெட் டவுன் டு, ப்ரேக் அவுட்..." ஏதோ மந்திரம் போல! எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே அர்த்தம்: தொடங்கு.

முதலில் கிழித்துப் போட வேண்டியது இந்தத் தாளைத்தான். ஏனென்றால் அது பொய் சொல்கிறது.

இதை நம்பிப் படித்தவன் இன்டர்வியூவில் போய் "செட் இன் எ ஷாப்" என்பான். எதிரே இருப்பவர் சிரிப்பார். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்க மாட்டான். அவன் மேல் என்ன தப்பு? தாளில் 'செட் அப்'புக்கும் 'செட் இன்'னுக்கும் ஒரே அர்த்தம்தானே போட்டிருந்தது!

சரி, தமிழில் யாராவது எல்லாவற்றையும் 'தொடங்கு' என்றே சொல்கிறார்களா? சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை 'போடுகிறார்கள்'. அது செட் அப். பழனிக்குக் 'கிளம்புகிறார்கள்'. அது செட் ஆஃப். ஐப்பசியில் மழை 'பிடித்துக்கொள்கிறது'. அது செட் இன். புதிதாக ஒரு தொழிலைக் 'கையில் எடுப்பது' டேக் அப். சண்டை 'வெடித்தால்' ப்ரேக் அவுட். அரட்டையை விட்டுவிட்டு வேலையில் 'இறங்குவது' கெட் டவுன் டு. அங்கே டவுன், இங்கே இறங்கு. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

மழை கிளம்பியது, சண்டையைப் போட்டுக்கொண்டது என்று ஐந்து வயதுக் குழந்தைகூட உளறாது. அந்தக் குழந்தைக்கு இருக்கிற அறிவைக் கல்லூரி மாணவனிடம் பூட்டி வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

காமர்ஸ் மாணவன் பாடு இன்னும் மோசம். வருமான வரிப் பாடத்தில் 'செட் ஆஃப்' என்றால் கிளம்புவது இல்லை. நட்டத்தை வேறு வருமானத்தோடு ஈடுகட்டுவது. ஜெராக்ஸ் தாளை நம்பினால் நட்டத்தைத் 'தொடங்க' வேண்டியதுதான்!

"ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பேசிப் பழக ஆங்கிலம்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் புரிந்துகொள்வதற்கு? புரியாமல் மனப்பாடம் செய்தது பரீட்சை ஹாலைத் தாண்டி வராது.

1937ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, தாய்மொழியில் படிப்பு, கைத்தொழில் வழியாகப் படிப்பு என்றது. அவர் பெயரால் 1947ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியதுதான் காந்திகிராமம். அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸிலேயே இந்த ஜெராக்ஸ் மந்திரம் கேட்கிறது என்றால் வெட்கப்பட வேண்டியது மாணவன் அல்ல.

ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்கு அது வேண்டும். அதனால்தான் ஒழுங்காகச் சொல்லித் தரச் சொல்வது. அடுத்த வகுப்பில் அந்தத் தாளுக்குப் பதில் ஒரு கேள்வியோடு ஆரம்பியுங்கள்: "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?"

பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.