மிச்சத்தைத் தின்ன ஊரில் வாய் வேண்டும்

சென்ற மாதம் ஏற்காடு கடைத்தெருவில் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு அம்மையார் ஒருவர் கடைக்குள் வந்தார். ஸ்பெயின் தேசத்துக்காரர். கணவரின் உத்தியோகம் காரணமாகப் பெங்களூரில் குடியிருக்கிறார்களாம். கூட வந்திருந்த தமிழ்ப் பெண் அவர் கேட்டதைக் கடைக்காரருக்குச் சொன்னார்: "நல்லா சிவப்பா இருக்கணும், காரம் இருக்கக் கூடாது. அப்படி ஒரு மிளகாய்த் தூள் வேணுமாம்."

கடைக்காரர் காஷ்மீர் மிளகாய்த் தூள் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார். "இது நிறத்துக்குத்தாம்மா, காரமே இருக்காது" என்றார். அம்மையார் பிரித்து முகர்ந்து பார்த்தார். நிறம் சரிதான், ஆனால் புகை வாசனை இல்லையே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெங்களூரிலும் தேடி அலுத்துவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடுப்புக்கு மேலே பரணில் விதைக்காகக் கட்டித் தொங்கவிட்ட மக்காச்சோளக் கதிர். பக்கத்திலே மழைக்குப் பயந்து மேலே போட்ட மிளகாய். எடுத்து முகர்ந்தால் புகை வாசனை. அந்த அம்மையார் பெங்களூர் முழுக்கத் தேடியது எங்கள் பரணில் கிடந்தது. காரம் மட்டும்தான் அதிகம்.

இதை வைத்து நம் சிறு விவசாயிகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. ஒன்று ஆசை வார்த்தை. மற்றொன்று எச்சரிக்கை.

அவர்கள் தேடும் பண்டங்கள்

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு நாக்கு மட்டும் ஊரிலேயே இருக்கும். லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஸ்பெயின்காரர்கள் இங்கே படும் பாடும் அதுதான்.

அவர்களின் அன்றாடச் சாப்பாடு நமக்கு அப்படி ஒன்றும் அந்நியமல்ல. உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டுச் சுடும் கனமான முட்டை அடை, தக்காளியை அரைத்துக் குளிரக் குடிக்கும் சாறு, இறைச்சியோ மீனோ சேர்த்து அகன்ற தட்டையான சட்டியில் சமைக்கும் சோறு. உருளை, தக்காளி, மிளகாய் மூன்றும் 1492-ல் கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகு அமெரிக்காவிலிருந்து அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தவை. நமக்கும் அங்கிருந்து வந்தவைதான். ஆகவே அவர்கள் கூடையில் முக்கால் பங்கைச் சேலம் உழவர் சந்தையிலேயே நிரப்பிவிடலாம்.

கிடைக்காதவை நான்கைந்துதான். ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, சாற்றை உறிஞ்சியும் குழையாத குட்டை அரிசி, புகையில் உலர்த்திய மிளகாய்த் தூள். இவற்றில் நம் மலைக்கு எது ஆகும், எது ஆகாது என்று பார்ப்போம்.

ஆலிவ் ஆகாது. அது பூக்க நல்ல குளிர்காலம் வேண்டும், காய்க்க வறண்ட கோடை வேண்டும். ராஜஸ்தானில் 2008 வாக்கில் இஸ்ரேல் நாட்டு உதவியோடு நட்டார்கள். பாலைவனத்துக் குளிர் அதற்கு ஒத்துவந்தது. சேர்வராயன் மலையின் மிதமான குளிரும் மழையும் அதற்கு ஏற்றதல்ல. எண்ணெயோ ஸ்பெயினிலிருந்தே புட்டியில் வந்து பட்டணத்துக் கடைகளில் நிற்கிறது. உலகிலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாட்டோடு நாம் போட்டி போட வேண்டியதில்லை.

குங்குமப்பூவும் ஆகாது. காஷ்மீரத்துப் பாம்பூர் வயல்களின் பயிர் அது. ஒரு கிலோ எடுக்கச் சுமார் 1.5 லட்சம் பூக்களைக் கையால் கிள்ள வேண்டும். அறைக்குள் குளிரூட்டி வளர்த்து லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், மின்சாரக் கட்டணம் யார் தலையில் என்று முதலில் கேளுங்கள்.

அரிசி சமவெளிக்காரர்களின் கவலை. சீரகச் சம்பா அந்த வேலையை ஓரளவு செய்யும் என்பது என் எண்ணம். பிரியாணிச் சாற்றைக் குடித்தும் உதிரியாக நிற்கிற அரிசி அல்லவா?

மிஞ்சுவது மிளகாய்.

புகை உலர்த்தல்

ஸ்பெயினின் மேற்கே எக்ஸ்ட்ரிமதூரா என்று ஒரு மாகாணம். அங்கே லா வேரா என்ற பள்ளத்தாக்கில் மிளகாய் பழுக்கும் பருவத்தில் மழை பிடித்துக்கொள்ளும். களத்தில் காய வைக்க முடியாது. அதனால் அந்த ஊர்க் குடியானவர்கள் இரண்டு அடுக்குக் கொட்டகை கட்டினார்கள். கீழே ஓக் விறகு கனன்று புகையும். மேலே சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்ட பரணில் மிளகாய் கிடக்கும். சுமார் 15 நாள், தினமும் கையால் புரட்டி விட்டு உலர்த்துவார்கள். பிறகு காம்பு நீக்கி அரைப்பார்கள். அந்தத் தூளுக்கு இன்று தனிப் பெயர், தனி விலை. அந்த வட்டாரத்தில் விளைந்து, அந்த முறையில் உலர்ந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று சட்டப் பாதுகாப்பும் உண்டு.

கவனியுங்கள். வெயில் இல்லாத குறையைத்தான் அவர்கள் வாசனையாக்கி விற்கிறார்கள். நமக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அதே குறைதான். பரண் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் நாம் அதை வறுமையின் அடையாளமாக நினைத்துக் கூச்சப்படுகிறோம்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். நம் ஊர்க் குண்டு மிளகாயும் சம்பா மிளகாயும் இதற்கு உதவா, காரம் மிஞ்சிவிடும். கர்நாடகத்து பியாடகி மிளகாய் சுருங்கிய தோலும் நல்ல சிவப்பும் குறைந்த காரமும் உள்ளது. அதற்கு 2011-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை மலைச்சரிவின் கீழ்ப் பகுதியிலோ அடிவாரத்திலோ நட்டுப் பார்க்கலாம். சொந்த விதை எடுப்பதானால் பக்கத்தில் காரமான ரகம் இருக்கக் கூடாது. தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அடுத்த பட்டத்தில் காரம் ஏறிவிடும்.

புகைக்குப் பிசினும் எண்ணெயும் உள்ள விறகு ஆகாது. சாயம் பூசிய பலகையும் நெகிழிக் குப்பையும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது. சுடர் எரியாமல் தணல் கனல வேண்டும். மிளகாய் வேகக் கூடாது, உலர வேண்டும். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். அரைகுறையாக உலர்ந்து பூசணம் பிடித்ததை ஒரு பழம்கூடச் சேர்க்காதீர்கள், அது விஷம். சுமார் 4 கிலோ பழத்துக்கு 1 கிலோ வற்றல் தேறும். தூளாக்கி விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.

இதுவரை சொன்னது ஆசை வார்த்தை. இனி எச்சரிக்கை.

பட்ட பாடு

நான் 2 ஏக்கர் காப்பி வைத்திருப்பவன். சில வருஷங்களுக்கு முன் பெங்களூர் வியாபாரி ஒருவர் வந்து ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியை நடச் சொன்னார். ஐரோப்பியச் சமையலுக்கு வேண்டிய இலை. நீலகிரியில் விவசாயிகள் பயிரிடுவதுதான். 20 சென்டில் நட்டேன். நன்றாகவே வந்தது. ஓட்டல்களுக்கு இலை போயிற்று, பணமும் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஓட்டல்கள் மூடின. வியாபாரி தொலைபேசியை எடுக்கவே இல்லை. செடியோ தளதளவென்று நின்றது. ஊரில் யாரும் அதைச் சமைக்கத் தெரியாதவர்கள். அறுத்து ஆட்டுக்குப் போட்டேன். ஆடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அதே ஊரடங்கில் பந்தலில் காய்த்த சௌசௌவை நாங்கள் தின்றோம், அண்டை வீட்டாருக்கும் கொடுத்தோம். மிளகு மூட்டையில் காத்திருந்தது. ரோஸ்மேரி மட்டும்தான் யாருக்கும் ஆகாமல் போயிற்று.

இது என் ஒருவனின் கதையல்ல. கெர்க்கின் என்ற குட்டை வெள்ளரிப் பிஞ்சைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்துத் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவிய ஒப்பந்தச் சாகுபடி அது. காடியில் ஊறப்போட்டு அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சுமார் 65,000 ஏக்கரில் 90,000 சிறு, குறு விவசாயிகள் பயிரிடுவதாக 2022-ல் மத்திய அரசு கணக்குச் சொன்னது. ஏக்கருக்குச் சராசரி 4 டன். 90 நாள் பயிர். செலவு போக 40,000 ரூபாய் நிற்கும் என்றும் அதே கணக்குச் சொல்கிறது. கெட்ட வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிஞ்சு சிறிதாக இருந்தால்தான் விலை. ஒரு நாள் பறிக்கத் தவறினால் பருத்துவிடும், விலை இறங்கிவிடும். கம்பெனி கழித்துப் போட்ட காயை எந்தச் சந்தையில் விற்பது? வாங்குபவர் ஒருவரே என்றால் விலை சொல்பவரும் அவர் ஒருவரே.

காக்பர்ன் துரை தந்த பாடம்

நம் மலையே இதற்குச் சாட்சி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பியையும் பேரி, ஆப்பிள், லக்கோட்டை முதலிய பழ மரங்களையும் கொண்டுவந்தார். ஊரை விட்டு வந்தவரின் நாக்குத் தேடிய பழங்கள் அவை. எது நிலைத்தது? காப்பி நிலைத்தது. துரைமார் போன பின்பும் அதைக் குடிக்கத் தமிழ்நாடே காத்திருந்தது. ஆப்பிளுக்கு ஏற்காடு பேர் வாங்கவில்லை. லக்கோட்டையை ஸ்பெயினில் அலிகாந்தே பக்கத்துக் குடியானவர்கள் பெரும் சாகுபடியாகவே செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இங்கே அது பங்களாத் தோட்டத்து மரமாக நின்றுவிட்டது.

பட்டர் பழத்தின் கதை இன்னும் தெளிவு. ஒரு காலத்தில் நாம் அதைச் சீந்தவில்லை. மரத்தடியில் விழுந்து அழுகியது. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நம்மவர்களே பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குடிக்கிறார்கள், விலையும் வந்துவிட்டது. மரம் மாறவில்லை, வாய்தான் கூடியது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.டி.1 ரகம் இருக்கிறது. காப்பிக்கு நடுவே நாலு மரம் வைப்பதில் தவறில்லை. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது, வேர் அழுகிவிடும். காயைக் காம்போடு பறியுங்கள், உலுக்கிக் கீழே போடாதீர்கள். அது மரத்தில் பழுப்பதில்லை; பறித்த பிறகுதான் பழுக்கும்.

நடுமுன் மூன்று கேள்வி

அயல்நாட்டு ருசிக்குப் பயிரிட வேண்டாம் என்பது என் கட்சியல்ல. ஆனால் புதுச் செடியை வண்டியிலிருந்து இறக்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குபவர் ஒருவர்தானா, பலரா? அவர் வராத நாளில் பொருள் எத்தனை நாள் தாங்கும்? அப்படியும் விற்காமல் நின்றால், மிச்சத்தைத் தின்ன என் வீட்டிலோ ஊரிலோ வாய் இருக்கிறதா?

ரோஸ்மேரியை இந்தக் கேள்விகளில் போட்டுப் பார்த்திருந்தால் 20 சென்டுக்குப் பதில் 2 சென்டோடு நிறுத்தியிருப்பேன். கெர்க்கின் மூன்றிலும் தோற்கிறது. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாங்கி, கழிவுக் காய்க்கும் ஒரு விலை போடாமல் அதில் இறங்கக் கூடாது. புகை மிளகாய் மூன்றிலும் தேறுகிறது. ஸ்பெயின்காரரும் வாங்குவார், பட்டணத்து ஓட்டலும் வாங்கும். வற்றல் மாதக்கணக்கில் தாங்கும். யாருமே வாங்காவிட்டால் நம் குழம்பில் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் காரம் குறையும், அவ்வளவுதான்.

அதிலும் முதல் வருஷம் 5 சென்டுக்கு மேல் போகாதீர்கள். காப்பியையும் மிளகையும் வெட்டி இடம் பண்ணாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே கொட்டகையில் உலர்த்தினால் சரக்கு ஒரே சீராக இருக்கும், விலை பேசவும் வாய் வரும்.

ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். காரம் குறைந்த மிளகாயை நம் சரிவுகளில் ஒரு பரிசோதனைத் திடலாக நட்டு, எந்த விறகின் புகை நல்லது என்பதையும் பார்த்துச் சொன்னால், மலைவாழ் விவசாயிகள் இருட்டில் கைவிட வேண்டியிருக்காது.

அந்த அம்மையார் மறுபடி ஏற்காட்டுக்கு வருவாரோ, மாட்டாரோ, தெரியாது. இந்த ஆடியில் 5 சென்டில் பியாடகி நடப்போகிறேன். அவர் வந்தால் ஒரு பொட்டலம் அவருக்கு. வராவிட்டால் எங்கள் வீட்டு ரசத்துக்கு.