தோண்டும் முன் எறிந்ததை எடுப்போம்

கனிமம் வேண்டும் என்ற குரல் நாடெங்கும் ஓங்கி ஒலிக்கிறது. முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்துக்கு மத்திய அரசு 2025 சனவரியில் ஒப்புதல் அளித்தது. கல்வராயன் மலை முதல் திருநாவலூர்ச் சமவெளி வரை பரந்த நம் மாவட்டம் இவ்வேளையில் உரக்கக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மண்ணைத் தோண்டும் முன், எறிந்ததை எடுத்தோமா?

எடுக்கும் வழியை இயற்கையே காட்டியிருக்கிறது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் வடிந்த அமில நீரில் 1947இல் ஒரு நுண்ணுயிரைக் கண்டறிந்தனர். அசிடித்தயோபேசில்லஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ் என்பது அதன் இன்றைய பெயர். இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிசனேற்றம் செய்து, அந்த ஆற்றலால் அது உயிர் வாழ்கிறது. அதன் செயலால் உருவாகும் ஃபெர்ரிக் இரும்பு செம்புத் தாதுவைத் தாக்க, செம்பு கரைந்து நீல நீராய் வடிகிறது. அந்நீரில் பழைய இரும்புத் தகட்டை இட்டால், இரும்பு கரையக் கரையச் செம்பு செந்நிறமாய்ப் படிவதைக் கண்ணாலேயே காணலாம். உருக்கும் உலையும் வேண்டா, கந்தகப் புகையும் இல்லை. சிலி நாட்டில் பெருந்தாதுக் குவியல்களிலிருந்து செம்பு நுண்ணுயிரால் கரைத்து எடுக்கப்படுகிறது. கர்நாடகத்தின் ஹட்டி தங்கச் சுரங்கத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் இத்தகைய செயல்விளக்க ஆலையை நிறுவிக் காட்டினர். அறிவு நம்மிடம் உண்டு. அதைத் தாங்கி வளர்க்கும் கொள்கையே தேவை.

உலகம் 2022இல் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. மின்சுற்றுப் பலகைகளிலிருந்தும் நுண்ணுயிர் செம்பைப் பிரித்தெடுக்கும் என்பதை ஆய்வகங்கள் மெய்ப்பித்துள்ளன. ஆயினும், பழைய கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் ஏழை உழைப்பாளி இன்றும் நச்சுப் புகையையே சுவாசிக்கிறார்.

நுண்ணுயிர் முறை மாசற்றது என்று எவரும் மார்தட்ட வேண்டா. நுண்ணுயிரால் நிக்கல் எடுத்த பின்லாந்தின் தல்விவாரா சுரங்கத்தில் 2012 நவம்பரில் கழிவுக்குளம் கசிந்து, உலோகம் கலந்த நீர் சுற்றுப்புற நீர்நிலைகளில் பாய்ந்தது. நம் ஆறுகளான கோமுகியும் கெடிலமும் அத்தகைய ஒரு நாளைத் தாங்கா.

ஆகவே, மின்னணுக் கழிவைத் தனியே பெறும் ஏற்பாடு ஒவ்வோர் உள்ளாட்சியிலும் வேண்டும். பொதுத்துறையில் மாதிரி ஆலை ஒன்று எழ வேண்டும். அதன் கழிவுநீர்ச் சோதனை முடிவுகள் ஊரறிய வெளியிடப்பட வேண்டும். பழைய தென்னார்க்காட்டின் மாமண்டூரில் துத்தநாகம், ஈயம், செம்பு கலந்த தாது இருப்பது நெடுநாள் அறிந்ததே. அது மண்ணிலேயே காத்திருக்கலாம், கெட்டுப்போகாது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயனில், கிராம சபையின் இசைவின்றி ஒரு கல்லும் பெயரக் கூடாது. ஒருமுறை எடுத்த உலோகத்தை மீட்பதே முதற்கடமை. வேறு வழியே இல்லை என்று மெய்ப்பிக்காத எவருக்கும் மலையைத் தொடும் உரிமை இல்லை.