ஹோட்டல் ரூமுக்கு அதிகம் கொடுத்தவருக்குப் பணம் திரும்புமா?

ஒரே ரூம். புக்கிங் ஆப்பில் 4,000 ரூபாய். ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் பார்த்தாலும் அதே 4,000. இடையில் ஆப் இல்லை, கமிஷன் இல்லை. அப்படியிருந்தும் ஒரு ரூபாய்கூட ஏன் குறையவில்லை? ஹோட்டல்காரருக்குக் குறைக்க மனசில்லை என்று சொல்லிவிட முடியாது. குறைக்க மாட்டேன் என்று அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

இதற்குப் பெயர் விலைச் சமநிலை நிபந்தனை. 'எங்கள் தளத்தில் தரும் விலையைவிடக் குறைவாக வேறு எங்கும் விற்கக் கூடாது' என்பதுதான் அதன் சாரம். இந்த நிபந்தனையால் அதிகம் கொடுத்தோம் என்று சொல்லி, நெதர்லாந்து நுகர்வோர் இப்போது புக்கிங்.காம் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கிறார்கள். அந்த நாட்டின் நுகர்வோர் சங்கமான கான்சுமென்டன்பாண்ட், இன்னொரு அறக்கட்டளையுடன் சேர்ந்து 2025 ஜூனில் இதை அறிவித்தது. 2013 தொடக்கத்திலிருந்து பதிவு செய்தவர்களுக்கான கோரிக்கை இது. போலித் தள்ளுபடி, கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டாமல் விடுவது, 'கடைசி ரூம்' என்று அவசரப்படுத்துவது போன்ற புகார்களும் இதில் உண்டு. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது.

நஷ்டம் எப்படி வந்தது என்று பார்த்தால் கணக்கு எளிது. ஒரு ரூம் 100 யூரோ, கமிஷன் 15 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஹோட்டலுக்குக் கையில் நிற்பது 85. சொந்தத் தளத்தில் 92-க்கு விற்றாலும் ஹோட்டலுக்கு 7 யூரோ கூடுதல், விருந்தினருக்கு 8 யூரோ மிச்சம். நிபந்தனை இருப்பதால் அந்த 92 என்ற விலையே பிறக்காது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. புதிதாக ஒரு தளம் வந்து 10 சதவீதக் கமிஷன்தான் என்று சொன்னாலும், அங்கே ரூம் மலிவாகக் கிடைக்கப் போவதில்லை. அப்புறம் யார் அங்கே போவார்கள்? கமிஷனைக் குறைக்க யாருக்கு அவசியம்?

தளங்கள் சொல்லும் பதிலையும் தள்ளிவிட முடியாது. "எங்கள் ஆப்பில் தேடி, படம் பார்த்து, விமர்சனம் படித்துவிட்டு, பதிவை மட்டும் ஹோட்டலில் நேரடியாகச் செய்தால் எங்கள் செலவுக்கு யார் பொறுப்பு?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2024 செப்டம்பர் 19 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், இத்தகைய தளம் நடப்பதற்கு அந்த நிபந்தனை அவசியம் என்று கருதவில்லை; போட்டிச் சட்டத்திலிருந்து அதற்குத் தானாக விலக்கு கிடைக்காது என்றது. ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2015-லேயே தடை போட்டுவிட்டது. பிரான்ஸும் அதே ஆண்டு சட்டம் போட்டுத் தடுத்தது. அங்கெல்லாம் ஆன்லைன் பதிவுத் தொழில் படுத்துவிடவில்லை.

அதற்காக இழப்பீடு கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நிபந்தனை இல்லாதிருந்தால் அந்த ரூம் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை நிரூபிக்க வேண்டும். பொருளாதார நிபுணர்கள் இரு பக்கமும் நின்று வருஷக்கணக்கில் வாதாடும் இடம் இது. தனி ஆள் 8 யூரோவுக்காக வக்கீல் வைக்க மாட்டார். பல்லாயிரம் பேருக்காக ஒரே அமைப்பு வழக்காட 2020 முதல் நெதர்லாந்துச் சட்டம் வழி தந்திருப்பதால்தான் இது பேச்சுக்கே வந்திருக்கிறது.

நம் ஊரில் இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்து, ஹோட்டல்களுடனான ஒப்பந்தங்களிலிருந்து விலைச் சமநிலை நிபந்தனையை எடுக்கச் சொன்னது. ஆனால் அபராதம் என்பது அரசுக் கஜானாவுக்குப் போகும் பணம். ரூம் போட்டவருக்கு அதில் பத்துப் பைசா கிடையாது. போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவில் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. அதற்கு தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் படி ஏற வேண்டும். ஊட்டியில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தவர் 300 ரூபாய்க்காக டெல்லிக்கு ரயில் ஏறுவாரா? இந்தப் பிரிவைச் சாதாரண ஆளுக்கு எட்டும்படி ஆக்குவது அரசின் வேலை. நுகர்வோர் அமைப்புகளும் ஒரு வழக்கையாவது போட்டுப் பார்க்கலாம்.

சின்ன ஏமாற்றுகளுக்கு வழி கிட்டத்திலேயே இருக்கிறது. ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசியில் கட்டணம் ஏற்றுவது, கேட்காமலே இன்சூரன்ஸைச் சேர்ப்பது, பொய் அவசரம் காட்டுவது எல்லாம் 2023 நவம்பர் விதிமுறைகளின்படி தடை செய்யப்பட்டவை. 1915-க்குப் போன் போடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. ஒரே பாதிப்புள்ள பலர், ஆணையத்தின் அனுமதியோடு 35-வது பிரிவின் கீழ் சேர்ந்தும் புகார் தரலாம். கெடு 2 ஆண்டு. முதலில் காட்டிய விலை, கடைசியில் வாங்கிய விலை இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டும், பில்லும் கையில் இருக்க வேண்டும். பணம் கட்டி முடித்த பிறகு அந்த முதல் விலை திரையில் திரும்ப வராது.