கைநாட்டும் சிபார்சும்

எங்கள் ஜில்லாவில் "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மற்ற ஊர்களில் மருந்து என்றால் வியாதியைத் தீர்ப்பது. சிவகாசிப் பக்கத்திலோ, மருந்து என்றால் வெடி மருந்து. "அவர் மருந்து அறையில் வேலை பார்க்கிறார்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், எங்கள் ஊர்ப் பெண்கள் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சைத் தொடங்குவார்கள்.

அப்படி மருந்து அறையில் இருபது வருஷம் உழைத்த ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவர் விரல் நகங்களில் படிந்திருந்த வெள்ளிப் பூச்சு எத்தனை தேய்த்தாலும் போகாது. அவருடைய பெண் என் மாணாக்கி. முதல் மருந்தை விட்டு இரண்டாவது மருந்துக்குப் போக வேண்டுமென்று ஆசைப்படும் பெண். நீட் பரீட்சையில் தேறியும் இருந்தாள்.

"ஸார், பெரிய இடத்திலே ஒரு சிபார்சுக் கடுதாசி வாங்கிட்டா ஸீட்டு நிச்சயம்னு ஒருத்தர் சொல்றார். செலவு கொஞ்சம் ஆகுமாம். வீட்டிலே இருக்கிற நகையை வச்சிடலாம்னு இருக்கேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணாச்சி, நகையைப் பெட்டியிலேயே வையுங்கள். இந்தக் காலத்தில் அந்தக் கடுதாசிக்குத் தபால் தலை விலைகூடப் பெறாது" என்றேன்.

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சிபார்சு என்பது நம் நாட்டில் நேற்று முளைத்த செடியல்லவே!

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் படிக்கும் கல்லூரியில் சேர விரும்பியபோது ஊரே எதிர்த்தது. தங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் பயந்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்புகளைத் தள்ளிவிட்டு, சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். அந்தக் கதவு திறந்ததால்தான் அம்மையார் 1907-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளிவந்தார். பின்னர் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்ததும் அவருடைய முயற்சியினால்தான். ஒரு மன்னரின் ஒரு வார்த்தை எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது! ஆனால் மன்னரின் காது எட்டாத பெண்கள் எத்தனை பேர் அடுப்படியிலேயே நின்றுவிட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. சிபார்சின் குணமும் குற்றமும் இந்த ஒரு சரித்திரத்திலேயே அடங்கியிருக்கின்றன.

எங்கள் விருதுநகரில் மேடைதோறும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, வைத்தியக் கல்லூரியில் சில இடங்களுக்கு அவரே ஆள் பொறுக்க வேண்டியிருந்ததாம். சிபார்சுகள் மலைபோல் குவிந்தனவாம். அவர் விண்ணப்பங்களைப் புரட்டி, பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு இருந்தவற்றை மட்டும் எடுத்து வைத்தாராம். பிடி அரிசி சேர்த்து நடத்திய க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்து, படிப்பை நடுவில் விட்டவர் அவர். அதனால் இந்தக் கதையை எங்கள் ஊரார் ஒரு நாளும் சந்தேகித்ததில்லை. கைநாட்டைவிடப் பெரிய சிபார்சு உண்டா?

ஆயினும், நல்லவர் ஒருவர் நாற்காலியில் இருக்கும்வரைதான் அந்த முறை நல்லது. பிறகு நேர்முகப் பரீட்சை வந்தது. அதற்கு 75 மார்க்கு. பல குழுக்கள் தனித்தனியே உட்கார்ந்து பிள்ளைகளைப் பேட்டி கண்டு மார்க்குப் போட்டன. 1970-ல் பெரியகருப்பன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இப்படிக் கூறு கூறாகப் பிரித்துத் தேர்ந்தெடுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நேர்முகப் பரீட்சையில் மார்க்குப் போட்ட விதத்தையும் கண்டித்தது. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்து, 2006-ஆம் வருஷச் சட்டத்தினால் போயிற்று. 2017 முதல் நீட் நிற்கிறது. நீட்டைப் பற்றி எனக்கு வேறு மனத்தாங்கல்கள் உண்டு. ஆனால் கலந்தாய்வில் யாருடைய கடுதாசியும் செல்லாது என்பது மட்டும் உண்மை.

அமெரிக்காவில் இன்றும் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள், தங்களுக்குப் பாடம் சொன்னவர்களிடம் கடிதம் வாங்கியாக வேண்டும். ஆசிரியர் எழுதியதை மாணாக்கர் பார்க்காமலிருப்பதே அங்கே வழக்கம். இங்கே அப்படி ஒரு வழக்கம் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். வாத்தியார் வீட்டுத் திண்ணைகளை அகலப்படுத்த வேண்டியிருக்கும்!

இதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகுதான் உண்மையான சங்கதிக்கு வந்தார்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, நீட் தேறிய பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடங்கள் என்று 2020-ல் சட்டம் வந்திருக்கிறது. அவர் பெண் ஏழாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். ஆறாம் வகுப்பு மட்டும், வீட்டுக்கு அருகிலிருந்த அரசு உதவி பெறும் பள்ளியில். உதவி பெறும் பள்ளி இந்தச் சட்டத்தில் சேராது.

"ஒரு வருஷந்தானே ஸார்! ஹெட்மாஸ்டர் கிட்டே நீங்க சொன்னா, ஸர்ட்டிபிகேட்டிலே ஒரு வரி மாத்திப் போட்டுடுவார். நீங்க சொன்னா தட்டமாட்டார்" என்றார்.

நேயர்களே, என் இருபது வருஷ உத்தியோகத்தில் இத்தனை கனமான ஒரு வரியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் யோக்யதையில் எனக்குச் சந்தேகமில்லை. உதவி பெறும் பள்ளியின் பெஞ்சில் ஒரு வருஷம் உட்கார்ந்ததால் அவள் தகப்பனார் பணக்காரராகிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மனம் இளகத்தான் இளகிற்று.

பிறகு ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் ஊரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு வைத்தியக் கல்லூரியில் 150 இடங்கள். அகில இந்தியப் பங்கு 15 சதவீதம் போக மிச்சத்தில் 7.5 சதவீதம் என்றால், ஒன்பது அல்லது பத்து இடங்கள். நான் ஒரு வரியை மாற்றினால் அந்தப் பத்தில் ஒன்று கை மாறும். இழப்பது ஒரு மில் முதலாளியின் பிள்ளையா? இல்லை. வேறொரு தீப்பெட்டி ஒட்டுகிறவளின் பிள்ளை. அந்தப் பிள்ளையின் தகப்பனார் என் திண்ணைக்கு வந்து கேட்க வழி தெரியாதவர்; அவ்வளவுதான் வித்தியாசம்.

"அண்ணாச்சி, அந்த வரியை நான் கேட்கமாட்டேன்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் வந்து நின்றாள். "அப்பா கேட்டதை மனசிலே வச்சுக்காதீங்க ஸார். உள்ளது உள்ளபடியே ஸர்ட்டிபிகேட்டு போதும். பொதுப் பட்டியலிலே கிடைச்சாப் பார்க்கிறேன், இல்லேன்னா அடுத்த வருஷம் இன்னொரு தடவை எழுதறேன்" என்றாள். அவள் முன்னால் எனக்குத் தலை நிமிர்ந்தது. கொஞ்சம் குனியவும் செய்தது.

அந்த வருஷம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறாள். மாலையில் என் வீட்டுத் திண்ணையில்தான் பௌதிகக் கணக்குகள் நடக்கின்றன. அவளை அழைத்துப் போக அண்ணாச்சி வருகிறார். முதல் வாரம் தெருவிலேயே நின்றார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிடுகிறார்.

2022-ல் ஹைகோர்ட்டு இந்த 7.5 சதவீதம் செல்லும் என்று தீர்த்தபோது, ஐந்து வருஷங்களுக்குள் மறுபரிசீலனை செய்யவும் சொல்லியிருக்கிறது. அப்போது, இடையில் ஒரு வருஷம் உதவி பெறும் பள்ளியில் இருந்துவிட்ட ஏழைப் பிள்ளைகளையும் சர்க்கார் நினைத்துப் பார்க்க வேண்டும். ஸர்ட்டிபிகேட்டின் வரியைத் திருத்த எனக்கு உரிமையில்லை. சட்டத்தின் வரியைத் திருத்தும்படி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்தச் சிபார்சை ஒளிக்காமல், நாலு பேர் படிக்க, இந்தப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.